நாத்தனார் போட்ட முடிச்சு

“கழுத்துல இன்னாது அது?”

வீட்டுக்காரம்மா ரத்தினம் கேட்டைப் பாதி திறந்து, வழியை அடைத்தபடி நின்று கேட்டாள். பூமாரியின் கை தானாகவே மஞ்சள் கயிற்றை மூடிக்கொண்டது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. புருஷனைப் புதைத்துவிட்டு வந்தவள் தாலியோடு வந்து இறங்கியிருக்கிறாள்.

பக்கத்தில் பையோடு நின்ற சுகப்பிரியாவுக்கு அழுது அழுது கண் வீங்கியிருந்தது. செத்தவன் அவளுடைய அண்ணன் மாரிசெல்வம். சவுதியில் கட்டடச் சாரம் சரிந்து விழுந்து, உடல் சங்கரன்கோவிலுக்கு வந்துசேர இருபது நாள் ஆயிற்று. துக்கம் நிஜம். பூமாரி அவன் பெண்டாட்டி என்பதுதான் பொய்.

அந்தப் பொய்யைச் சொல்ல வைத்தது, சென்னைக்குப் பக்கத்தில் அவர்கள் வேலைக்கு வந்த ஒரகடம். வயர் கம்பெனியில் ஒரே லைனில் வேலை பார்த்த இருவரும் ஹாஸ்டலை விட்டு வெளியேற வீடு தேடினார்கள். பன்னிரண்டு வீட்டிலும் ஒரே பதில்: “ஃபேமிலிக்குத்தான் விடுவோம்.” வயசுப் பெண்கள் தனியாக இருந்தால் தெரு கெட்டுவிடுமாம். பதின்மூன்றாவதாக ரத்தினத்தின் வீட்டுக்குப் பூமாரி தாலியோடு போனாள். புருஷன் சவுதியில் இருக்கிறார், இவள் நாத்தனார் என்று சொல்லி, மாரிசெல்வத்தின் போட்டோவைக் காட்டியதும் சாவி கைக்கு வந்தது. மாரிசெல்வத்துக்கு இது கடைசிவரை தெரியாது.

யோசனை சுகப்பிரியாவின் கதையிலிருந்து வந்தது. ஷிஃப்ட் முடிந்து திரும்பும் கம்பெனி பஸ்ஸில் அவள் கதை சொல்வாள். எத்தனை கதை தெரிந்திருந்தாலும் பெண்கள் கேட்டது ஒன்றைத்தான். மாமன் கையிலிருந்து தப்ப ஒருத்திக்குத் துணை வேண்டும். நிலத்தைக் காப்பாற்ற இன்னொருத்திக்குத் துணை வேண்டும். இருவரும் ஒருவரையொருவர் கல்யாணம் கட்டிக்கொள்கிறார்கள். வெறும் ஒப்பந்தம். பிறகு ஒருத்திக்குக் காய்ச்சல் வருகிறது, மற்றவள் கஞ்சி வைக்கிறாள். அந்த இடம் வந்ததும் பஸ்ஸே மூச்சை அடக்கிக்கொள்ளும்.

“இதையே ஏன்ட்டி கேக்கீய?” என்று ஒருநாள் சுகப்பிரியா சிரித்தாள்.

“ஆசப்பட்டேன்னு யாரும் வாயத் தொறந்து சொல்ல வேண்டாம்லா,” என்றாள் பூமாரி. “வேற வழியில்லாமத்தான கட்டிக்கிட்டாவ? யாரு என்ன குத்தம் சொல்ல முடியும்?”

தாலியையும் அப்படி, வேறு வழியில்லாமல்தான் கட்டினார்கள். ஹாஸ்டல் கண்ணாடி முன்னால் பூமாரி தானே கட்டிக்கொள்ளப் பார்த்தாள். சரியாக வரவில்லை. “குனிட்டி,” என்று சுகப்பிரியா மூன்று முடிச்சையும் போட்டாள். ஒரு ஷிஃப்டில் ஆயிரம் வயர் சொருகும் விரல்களுக்கு அன்றைக்கு மூன்று முடிச்சுப் போட நெடுநேரம் ஆயிற்று. வீட்டுக்காகத்தான் என்று இருவரும் சொல்லிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கதவைச் சாத்திய பிறகும் பூமாரி அதைக் கழற்றவில்லை. யாரும் பார்க்காத வீட்டுக்குள் அது யாருக்காக என்று சுகப்பிரியாவும் கேட்கவில்லை.

ஊருக்குப் போகும்போது மட்டும் பஸ்ஸில் கழற்றிவிடுவாள். அங்கே அவள் கல்யாணமாகாதவள். திரும்பும்போது திண்டிவனம் தாண்டியதும் சுகப்பிரியா கட்டிவிடுவாள். இன்றைக்கும், அண்ணனை நினைத்து அழுதுகொண்டே, பழக்கத்தில் கட்டிவிட்டாள்.

“காரியமெல்லாம் முடிஞ்சிச்சா?” என்றாள் ரத்தினம்.

“எல்லாம் முடிஞ்சிருச்சுக்கா.” சொன்ன பிறகுதான் சுகப்பிரியா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“அப்ப இது இன்னாத்துக்கு? உங்க ஊர்ல தாலி அறுக்க மாட்டாங்களா? ஏ லூர்தம்மா, வந்து இந்தக் கூத்தப் பாரு!”

ஐந்தாறு பெண்கள் கூடிவிட்டார்கள். எதிர்வீட்டு லூர்தம்மாள் மட்டும், “சின்னப் பொண்ணு, வுடேன். அதுவே எடுத்துக்கும்,” என்றாள்.

“நீ சும்மா இரு. எம் பொண்ணு பிரவீனாவ ஞாயித்துக்கிழம பொண்ணு பாக்க வராங்க. இவ வூட்டுப்படி மிதிக்கிறதுக்கு முன்னாடி ஆவ வேண்டியது ஆவணும்.”

வாசலிலேயே பலகை போட்டுப் பூமாரியை உட்கார வைத்தார்கள். கையைப் பிடித்து வளையலைக் கேட்டின் கம்பியில் மோதி உடைத்தார்கள். ஒரு சில்லு மணிக்கட்டில் ஏறியது. அதை யாரும் கவனிக்கவில்லை. பொட்டை அழிப்பதில் மும்முரமாக இருந்தார்கள்.

“ஒரு சொட்டுக் கண்ணீர் வருதா பாரு. கல்லு மாதிரி குந்திகினு கீறா,” என்றது ஒரு குரல்.

உண்மையைச் சொன்னால் இந்தக் கைகள் நின்றுவிடும். ஆனால் வீடு போகும். பேச்சு கம்பெனிக்குப் போகும், அங்கிருந்து ஊருக்கும் போகும். பூமாரி பல்லைக் கடித்துக்கொண்டு அண்ணாந்து சுகப்பிரியாவைப் பார்த்தாள்.

ரத்தினமும் அவளைத்தான் பார்த்தாள். “நாத்தனாருதானே பின்னாடி முடிச்சு போட்டது? நீயே அவுரு.”

சுகப்பிரியா பையைக் கீழே வைத்தாள்.

“மூணு முடிச்சும் நான்தான் போட்டேன்,” என்றாள். மெதுவாக, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி. “கட்டுனவ உசுரோடதான் நிக்கேன்.”

ரத்தினம் உச்சுக்கொட்டினாள். “பாவம், அண்ணங்காரன் போன துக்கத்துல உளறுது.”

அவளே போய்க் கத்திரிக்கோல் எடுத்து வந்தாள். கத்திரி மொண்ணை. வேர்வையில் ஊறிய கயிறு மூன்றாவது வெட்டில்தான் அறுந்தது. அதன் பிறகு பூமாரி அழுதாள். இப்போதுதான் பெண்கள் திருப்தியாகக் கலைந்தார்கள்.

“உள்ள போங்க,” என்றாள் ரத்தினம், கேட்டை முழுதாகத் திறந்து. “மாசக் கடைசில காலி பண்ணிடுங்க. தாலி அறுத்தவ இருக்கிற வூட்ல நல்ல காரியம் எப்படிப் பண்றது? அதுவுமில்லாம, ஆம்பள தொணையில்லாத பொண்ணுங்களுக்கு நாங்க வூடு வுடறதில்ல.”

ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஷேர் ஆட்டோவில் படப்பைக்கு வீடு பார்க்கப் போனார்கள். பஸ் ஸ்டாண்ட் பக்கத்துப் பூஜைச் சாமான் கடையில் சுகப்பிரியா நின்றாள்.

“மஞ்சக் கயிறு ரெண்டு குடுங்க.”

பூமாரி அவள் முழங்கையைப் பிடித்தாள். மணிக்கட்டுக் காயம் இன்னும் ஆறவில்லை. “ரெண்டு எதுக்குட்டி? வீட்டுக்கு ஒண்ணு போதுமே.”

“வீட்டுக்கு ஒண்ணு போதும்,” என்றாள் சுகப்பிரியா.

கடைக்காரர் கயிறுகளைக் காகிதத்தில் மடித்தபடி இருவரின் வெறுங்கழுத்தையும் பார்த்தார். “இன்னாமா, ரெண்டு பேருக்கும் ஒரே முகூர்த்தமா?”

“ஆமாண்ணே,” என்றாள் பூமாரி.