ஹரூயோவின் கண் மஞ்சளானது

ஊர்ப் பொது வெந்நீர் ஊற்றுக் குளியலறையில் ஹரூயோவுக்கு முதுகு தேய்த்துவிட்டுக்கொண்டிருந்த அவள் சிநேகிதி மிஹோதான் முதலில் அதைப் பார்த்தாள்.

"ஏய், என்னடி இது? தோளெல்லாம் மஞ்சப் பெயின்ட் அடிச்ச மாதிரி இருக்கே!"

"எல்லாம் ஆரஞ்சு பண்ற வேலை. பெட்டி பெட்டியா தின்னா பின்ன எப்படி இருக்கும்?" என்றாள் ஹரூயோ.

தொட்டிக்குள் இருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஒருத்தி தன் உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினாள். அதுவும் லேசாக மஞ்சள்தான். ஷிஸுஓகா மலைப்பக்கத்தில் குளிர்காலம் வந்துவிட்டால் ஆரஞ்சுப் பெட்டி இல்லாத வீடு கிடையாது. அடியில் கணப்பு வைத்துப் போர்வை போர்த்திய மேசைக்குள் காலை நீட்டிக்கொண்டு, டி.வி. பார்த்தபடி உரித்துப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். கை மஞ்சளாவதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. ஹரூயோவும் படவில்லை.

அவள் புருஷன் மசாதோ எங்கள் ஊர்த் தேயிலைக் கூட்டுறவின் தலைவர். எங்கள் தோட்டம் அவர்கள் தோட்டத்துக்கு அடுத்த சரிவில் இருப்பதால், நடந்ததில் பாதி நான் கண்ணால் பார்த்தது. மீதியை ஹரூயோவே சொல்லியிருக்கிறாள்.

மசாதோவுக்குப் பேச்சு நன்றாக வரும். தேயிலை விலை வருஷா வருஷம் இறங்கிக்கொண்டிருந்தது. இளசுகள் காப்பி குடிக்கிறார்கள், இல்லாவிட்டால் பாட்டிலில் அடைத்த தேநீரை வாங்குகிறார்கள். வீட்டில் தேநீர்க் கெண்டியே இல்லாத காலம். அப்போதுதான் நகரத்துக் கம்பெனி ஒன்று வந்தது. விலை போகாத கடைசி அறுவடை இலையையெல்லாம் வாங்கிக்கொள்கிறோம், அதிலிருந்து சத்தைப் பிழிந்து மாத்திரையாக்கித் தருகிறோம், உங்கள் பெயரிலேயே விற்றுக்கொள்ளுங்கள் என்றார்கள். மசாதோ அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஊர் ஊராகப் போய்ப் பேசினார்.

"பச்சைத் தேநீர் குடிக்கிறவங்களுக்கு இதய நோய் குறைவுன்னு ஆராய்ச்சி பண்ணியே சொல்லிட்டாங்க. ஆனா தண்ணிய காய்ச்சி, பதமா ஆறவெச்சு ஊத்தி, நாள் பூரா கோப்பையும் கையுமா உக்கார இப்ப யாருக்கு நேரமிருக்கு? ஒரே ஒரு மாத்திரை. ஒரு கெண்டி தேநீர் குடிச்ச மாதிரி!"

பெட்டியின் மேல் தலையில் துண்டு கட்டிச் சிரிக்கும் அவருடைய படத்தையே போட்டார்கள்.

இலையுதிர் காலத்தில் நடந்த உடல் பரிசோதனையில் நர்ஸ் ஹரூயோவின் இடுப்பை அளந்து, "கொஞ்சம் குறைக்கணும் அம்மா" என்று சொல்லியிருந்தாள். மகள் சயாகாவுக்கு வசந்தத்தில் கல்யாணம். வீட்டிலேயே மாத்திரை அடுக்கடுக்காக இருக்கிறது. அவளுக்கு வேறென்ன வேண்டும்? பெட்டியில் போட்டிருந்ததைப் போல இரண்டு மடங்கு விழுங்கினாள். காலையில் சோற்றை நிறுத்திவிட்டு வெறும் வயிற்றில் விழுங்கினாள். தேயிலைதானே, மருந்தா என்ன என்று நினைத்தாள்.

சில வாரங்களில் உடம்பு இளைத்தது. ஆனால் பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் உட்காரத் தோன்றியது. மீன் பொரிக்கும் வாசனைக்குக் குமட்டியது. சிறுநீர் வறுத்த தேயிலைச் சாறு போலக் கறுத்துப் போனது. பட்டினி கிடந்தால் அப்படித்தான் இருக்கும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மசாதோவுக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா! என் மாத்திரை உன்ன புதுப்பொண்ணு மாதிரி ஆக்கிடுச்சு."

"போங்க, கிண்டல் பண்ணாதீங்க" என்றாள். ஆனாலும் அவளுக்கு அது பிடித்திருந்தது.

பிப்ரவரியில் கூட்டுறவு மண்டபத்தில் விளம்பரக் கூட்டம் நடந்தது. மசாதோ பெண்டாட்டியை மேடைக்குக் கூப்பிட்டு, மாத்திரையால் எவ்வளவு இளைத்தாள் என்று சொல்லச் சொன்னார். அவளும் வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு வார்த்தை சொன்னாள். நாங்கள் கைதட்டினோம். உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் இருவரையும் சேர்த்து நிற்கவைத்துப் படம் எடுத்தார். எடுத்ததைப் பார்த்தார். மறுபடி எடுத்தார். கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மன்னிக்கணும் தலைவரே. கேமராவுல ஏதோ கோளாறு. அம்மாவோட கண்ணு மட்டும் மஞ்சளா வருது."

"வெளிச்சம் சரியில்லையோ என்னமோ" என்று மசாதோ எட்டிப் பார்த்தார்.

கேமராத் திரையில் அவர் கண் வெள்ளையாக இருந்தது. பக்கத்தில் அவள் கண், முட்டை மஞ்சள் கரைத்து ஊற்றியது போல இருந்தது. அவர் சட்டென்று திரும்பி, மேடை விளக்குக்குக் கீழே அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து நிமிர்த்தினார். இத்தனை நாளும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்ட மனிதர். அன்றைக்குத்தான் பார்த்தார். மைக் இன்னும் அணைக்கப்படவில்லை. "ஹரூயோ, ஹரூயோ" என்று அவர் கூப்பிட்டது மண்டபம் முழுக்கக் கேட்டது.

அப்படியே காரில் ஏற்றி நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மிஹோவும் கூடப் போனாள். இஸோபே என்று ஒரு பெண் டாக்டர். ஹரூயோவின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார்.

"ஆரஞ்சு நெறைய சாப்பிடுவா டாக்டர். இங்க எல்லாரும் அப்படித்தான்" என்றாள் மிஹோ.

"ஆரஞ்சு உடம்புத் தோலத்தான் மஞ்சளாக்கும் அம்மா. கண்ணோட வெள்ளையத் தொடாது. இது கல்லீரல்."

ரத்தம் எடுத்தார்கள். வயிற்றை ஸ்கேன் எடுத்தார்கள். முடிவு வந்ததும் டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கல்லீரல் மோசமாக வீங்கியிருக்கிறது, இன்றைக்கே சேர்க்க வேண்டும் என்றார். சாராயம் உண்டா, காட்டுக் காளான் சாப்பிட்டீர்களா, புதிதாக ஏதாவது மருந்து எடுத்தீர்களா என்று வரிசையாகக் கேட்டார்.

"மருந்தே கெடையாது. தலைவலி மாத்திரைகூடப் போட மாட்டா" என்று மசாதோ அடித்துச் சொன்னார்.

கட்டிலிலிருந்து ஹரூயோ மெதுவாகச் சொன்னாள். "தேயிலை மாத்திரை போடுறேனே."

"அது மருந்தில்ல டாக்டர்! வெறும் தேயிலை. நாங்கதான் பண்றோம்." கூட்டத்தில் காட்டுவதற்காகக் கோட்டுப் பையில் வைத்திருந்த பெட்டியை எடுத்து நீட்டினார்.

டாக்டர் பெட்டியை வாங்கிப் பின்பக்கத்தைப் படித்தார். முன்பக்கம் திருப்பினார். படத்தில் சிரிக்கிற முகத்தைப் பார்த்தார், எதிரே நிற்கிறவரின் முகத்தைப் பார்த்தார். அதை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் பேசினார்.

"இதாலதான் ஆரம்பிச்சிருக்குன்னு நெனைக்கிறேன். மத்த காரணத்தையும் பாத்துடுவோம். ஆனா இனி ஒண்ணுகூடப் போடக் கூடாது."

"தேயிலையா?" என்றார் மசாதோ. "தேயிலை எப்படி டாக்டர்? நான் பொறந்ததுலேருந்து குடிக்கிறேன். இவளும் குடிக்கிறா. ஊரே குடிக்குது."

"நானுந்தான் குடிக்கிறேன். குடிக்கிறது வேற, இப்படிப் பிழிஞ்சு எடுத்து முழுங்குறது வேற. தேநீர் குடிக்கிறவங்க நல்லா இருக்காங்கன்னுதான் ஆராய்ச்சி சொல்லுது. அந்தச் சாரத்த அடர்த்தியா, வெறும் வயித்துல போட்டா நல்லதுன்னு சொல்லல. பெரும்பாலான பேருக்கு ஒண்ணும் ஆகாது. அபூர்வமா சிலரோட கல்லீரல அது அடிச்சிடும். யாரோடதுன்னு முன்கூட்டியே சொல்ல முடியாது."

 பேசியே பழகிய மசாதோ சுவரில் சாய்ந்து நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன் என்று மிஹோ பிற்பாடு சொன்னாள்.

அப்போது ஹரூயோ திடுக்கிட்டு எழ முயன்றாள். கையில் ஏற்றியிருந்த ஊசி இழுத்துக்கொண்டது.

"சயாகா! அவளுக்கும் ஒரு பெட்டி அனுப்பியிருக்கேன். கல்யாணத்துக்கு இளைக்கணும்னு சொன்னாளே!"

மசாதோ தாழ்வாரத்துக்கு ஓடி நாகோயாவிலிருந்த மகளுக்கு போன் போட்டார்.

"மாத்திரையா? போட்டுட்டுத்தான்பா இருக்கேன். தெனமும்" என்றாள் சயாகா.

 அம்மா எங்கே இருக்கிறாள், என்ன ஆயிற்று என்று மசாதோ தட்டுத்தடுமாறிச் சொன்னார். 

"சயாகா? கேக்குதா? இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கெளம்பு."

"அப்பா... நான் போடல. அம்மா கேப்பாங்களேன்னு போடுறேன்னு பொய் சொல்லிட்டிருந்தேன். பெட்டிய இன்னும் பிரிக்கவே இல்லப்பா." அவள் அழ ஆரம்பித்தாள். "அம்மா இளைச்சது நோயாலன்னு எனக்குத் தெரியாதுப்பா."

மகள் சொன்ன பொய்க்காக ஒரு அப்பன் அத்தனை சந்தோஷப்பட்டு நான் கேள்விப்பட்டதில்லை. தாழ்வாரத்தில் போகிறவர் வருகிறவர் முன்னால், அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு சத்தமாக அழுதார்.

மறுநாளே கூட்டுறவைக் கூட்டினார். நானும் போயிருந்தேன். அவர் எதையும் மறைக்கவில்லை. விற்பனையை இன்றே நிறுத்த வேண்டும், விற்றதையெல்லாம் திரும்ப வாங்க வேண்டும் என்றார்.

தத்ஸுமி எழுந்தார். மாத்திரைக்கென்றே இலை கொடுத்து வந்தவர். "அண்ணே, உங்க வேதனை புரியுது. ஆனா அண்ணி ரெண்டு மடங்கு போட்டிருக்காங்க. கத்தியால கைய வெட்டிக்கிட்டா கத்தி விக்கிறத நிறுத்திடுவாங்களா?"

"கத்திப் பெட்டி மேல நான் சிரிக்கிற மாதிரி படம் போடலியேப்பா" என்றார் மசாதோ. "இது வெட்டும்னு எனக்கே தெரியாது. தெரியாமதான் ஊர் ஊராப் போய் கைதட்டு வாங்கினேன்."

சண்டை வலுத்தது. கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத்தைச் சிலர் இழுத்தார்கள். கடைசியில் கையைத் தூக்கி வாக்களித்தோம். நிறுத்துவது என்று முடிவானது, ஆனால் மயிரிழையில்தான். தத்ஸுமி நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு வெளியே போனார். இன்றுவரை மசாதோவோடு பேச்சு இல்லை.

அதன்பிறகு மசாதோ வீடு வீடாகப் போனார். அங்கேதான் அவருக்கு இன்னொரு அதிர்ச்சி காத்திருந்தது. பாதிப் பேர் பெட்டியைக் கொடுக்க மாட்டோம் என்றார்கள். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் கதவை முழுக்கத் திறக்கவே இல்லை.

"போன மாசம் இதே வாசல்ல நின்னுக்கிட்டு இது அமிர்தம்னீங்க. இன்னிக்கு விஷங்கிறீங்க. எத நம்புறது? எனக்கு மூட்டு வலியே போயிடுச்சு. பெட்டி என்கிட்டயே இருக்கட்டும்."

"சார், என் பெண்டாட்டி ஆஸ்பத்திரியில கிடக்கா."

"அது அவங்க உடம்பு."

மசாதோ வாசலில் குனிந்து வணங்கிக் கெஞ்சினார். வாத்தியார் கதவைச் சாத்திக்கொண்டார். தான் பேசிய பேச்சு இத்தனை ஆழமாக இறங்கியிருக்கும் என்று அவர் நினைக்கவே இல்லை. மறுநாளும் அதே வாசலுக்குப் போனார். ரத்தமாவது சோதித்துப் பாருங்கள் என்றார். வாத்தியார் கடைசியில் சோதித்தார். ஒன்றுமில்லை. அந்த முடிவைக் கொண்டுவந்து மசாதோவிடமே நீட்டி, "பாத்தீங்களா?" என்றார். மசாதோ சந்தோஷமாகத் தலையாட்டினார்.

ஹரூயோவுக்கு ஒரு வாரம் மோசமாக இருந்தது. கல்லீரல் மாற்ற வேண்டி வருமோ என்றுகூட டாக்டர் பேசினார். பிறகு உடம்பு மெல்லத் தேறியது. கண்ணிலிருந்த மஞ்சள் ஓரத்திலிருந்து வடிவது போலக் குறைந்தது. மகள் கல்யாணத்தில், மணப்பெண்ணின் அம்மா உடுத்தும் கறுப்புக் கிமோனோவுக்குள் காணாமல் போனவள் போல மெலிந்து, நாற்காலியில் உட்கார்ந்தபடியே எல்லோரையும் வணங்கினாள்.

மே மாதம் புது இலை வந்தது. மலை முழுக்க ஆவியில் வேகும் தேயிலை வாசனை. இன்னும் சில மாதம் எதற்கும் தேநீர் வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், இலை பறிக்கிறவர்களுக்கெல்லாம் தேநீர் ஊற்றிவிட்டு ஹரூயோ வெந்நீர்க் கோப்பையோடு வரப்பில் உட்கார்ந்தாள். நானும் மிஹோவும் பக்கத்தில் இருந்தோம்.

"கஷ்டமா இல்லியாடி?" என்று மிஹோ கேட்டாள்.

"குடிக்காதது கஷ்டமில்ல. வாசன வந்ததும் வயிறு சுருங்குது பாரு, அதான். பொறந்ததுலேருந்து எனக்குப் புடிச்ச வாசன."

சொல்லிவிட்டு அவள் எழுந்து, கூடையை இடுப்பில் கட்டிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனாள்.