தரையில் ஒட்டிய காகிதம்

ஞாயிறு ஆராதனையில் எல்லாரும் ஒன்றாகச் சத்தம் போட்டு ஜெபிக்கும் பத்து நிமிடம்தான் மால்ஜாவுக்கு வாரம் முழுவதற்குமான மூச்சு. இருநூறு பேரும் ஆண்டவருக்குக் காது மந்தம் என்பதுபோல் கத்துவார்கள். பக்கத்தில் இருப்பவள் என்ன ஜெபிக்கிறாள் என்று யாருக்கும் தெரியாது. அந்தத் தைரியத்தில் எட்டு வருடமாக ஒரே பாவத்தை வாய்விட்டுச் சொல்லி அழுதுவந்தாள்.

போதகர் மேசைமணியைத் தட்டினால் சபை சட்டென்று அடங்கிவிடும். அன்று மணிச்சத்தம் அவள் காதில் விழவில்லை.

"பின்னறைத் தரையில வெடிப்பு இருக்குன்னு தெரிஞ்சும், சிமெண்ட் பூசாம மேல காகிதத்த ஒட்டி வாடகைக்கு விட்டேனே ஆண்டவரே. குளிருக்குத் தரைக்கடியில விடுற கரிப்புகை அந்த வெடிப்பு வழியா ஏறி அந்த மனுஷன் தூக்கத்துலயே செத்தானே."

கண்ணைத் திறந்தால் சபையே அவளைப் பார்க்கிறது. பக்கத்தில் போங்சுன், செத்தவனின் மனைவி. அவள் வேதப்புத்தகத்தைப் பைக்குள் வைத்து எழுந்து போனாள்.

மால்ஜா சபையில் போடும் மதிய நூடுல்ஸுக்குக்கூட நிற்காமல் வீட்டுக்கு ஓடிவந்து மூலையில் சுருண்டாள். போலீஸ் வரட்டும், ஊரே காறித் துப்பட்டும். போங்சுன் வந்து நின்றால் அந்த முகத்தை எப்படிப் பார்ப்பது? ஜெபிக்க வாய் எடுத்தாள். ஒரு சொல்லும் வரவில்லை.

மூன்று மணிக்குக் கதவு தட்டப்பட்டது.

"அக்கா, திறங்க. உள்ளதான் இருக்கீங்க, செருப்பு வெளிய கெடக்கு."

திறந்ததும் மால்ஜா போங்சுனின் காலடியில் விழுந்தாள்.

"நெஜமாவே வெடிப்பு இருந்துச்சா?" என்றாள் போங்சுன்.

"இருந்துச்சு. என் கையாலதான் காகிதம் ஒட்டினேன்."

"அன்னிக்கு அடுப்புல கரிக்கட்டி மாத்தினது நான். மூடிய சரியா போட்டேனான்னு ஞாபகமே வரல. புருஷன நானே கொன்னுட்டேன்னு எட்டு வருஷமா உங்க பக்கத்துல உக்காந்து அழுதேன்."

மால்ஜா சொல்ல இன்னொன்று பாக்கி இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை. சொன்னால் இருக்கிற கொஞ்சநஞ்ச இரக்கமும் போய்விடும்.

"மூடி இறுக்கமாத்தான் இருந்துச்சு. மறுநாள் காலைல நானே பாத்தேன். பாத்துட்டும் வாயத் தொறக்கல."

போங்சுன் இரண்டு கையாலும் அவள் முதுகில் அறைந்தாள். கை ஓயும்வரை அறைந்தாள். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்து, அடக்கமாட்டாமல் அழுதாள். சட்டைக்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"உங்கள வெட்டிப் போடணும்போல இருக்கு. ஆனா நான் கொலகாரின்னு நெனச்சு ஏசுகிட்ட போனப்ப அவர் என்னத் தள்ளல. உங்கள மட்டும் நான் எப்படித் தள்றது? மன்னிச்சுட்டேன் அக்கா. நாளைக்கு மறுபடியும் கோவம் வரும். அப்பவும் வந்து மன்னிச்சேன்னு சொல்வேன்."

மால்ஜா தலையை நிமிர்த்தி, எட்டு வருடத்தில் முதல்முறையாக அந்த முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள்.

"வாம்மா," என்றாள். "எத்தன தடவ வேணா வா."