நடக்கிற சப்பாத்து

எந்தக் கால் சப்பாத்து முதலில் கிடைத்தது என்பதில் எனக்கு நிச்சயமில்லை. இடது என்று நினைக்கிறேன். வேலாயி வலது என்கிறாள். லூசியாவைக் கேட்டால் தெரியும். யாரும் இதுவரை கேட்கவில்லை. மற்றவற்றையும் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேன் என்று சொல்ல மாட்டேன். லயத்து வீடுகளுக்குப் பின்னால் குப்பை கொட்டும் பள்ளத்தில் லூசியா தேயிலைச் செடியின் வாது ஒன்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள் என்பதும், அதே நேரம் முன்பக்கம் மலர்ச்சாலை வேன் சவப்பெட்டியோடு வந்து நின்றது என்பதும் மட்டும் உறுதி.

வேன் நின்றதும் பெண்களின் அழுகை ஒன்றாக எழுந்தது. லூசியா திரும்பிப் பார்க்கவில்லை. பழைய சாக்குக்கும் முட்டைக் கோதுகளுக்கும் நடுவே கறுப்பாக ஒன்று கிடந்தது. எடுத்தாள். மற்றது இன்னும் கீழே, ஒரு செடியின் மேல் கவிழ்ந்து கிடந்தது. அதையும் எடுத்தாள். இரண்டையும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு மேலே ஏறியபோது பள்ளத்தின் விளிம்பில் றோய் நின்றான். அவள் கணவன் எட்வர்டின் தம்பி. ஆஸ்பத்திரியில் சப்பாத்துகளைப் போட்டுக் கொடுத்த பையை நேற்று இங்கே கொண்டுவந்து எறிந்தவன் அவன்தான்.

“அத எதுக்கு அண்ணி திரும்ப எடுக்குறீங்க? அதுதானே புள்ளையக் கொன்னுச்சு.”

லூசியா அவனைக் கடந்து தண்ணீர் விழும் பீலிக்குப் போனாள்.

நேற்றுக் காலையிலிருந்து எல்லா லயங்களிலும் இதே பேச்சுத்தான். லூசியாவின் மகள் ஜெசீகா பதுளையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்தாள். தோட்டத்திலிருந்து சைக்கிளில் இறங்குவாள், சைக்கிளிலேயே ஏறி வருவாள். அவளுடைய சப்பாத்தின் அடியில் ஒரு சின்ன இரும்புத் துண்டு இருந்தது. பெடலை மிதித்ததும் அது ‘டக்’ என்று மாட்டிக்கொள்ளும். முந்தாநாள் அவள் விழுந்து இறந்த வளைவில் அவளுக்குப் பின்னால் வந்த வேனின் சாரதி, தன் வண்டி அவளைத் தொடவேயில்லை, கால் பெடலில் பூட்டிக்கொண்டதால் அவளாகவே விழுந்தாள் என்று பொலிஸில் சொல்லியிருந்தான். சொல்ல வசதியான கதை. கேட்கவும் வசதியாக இருந்தது. பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு ரேஸ் சைக்கிள் என்று இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள், கேட்டதற்குப் பதில் கிடைத்தது போலத் தலையாட்டினார்கள்.

பீலியடியில் நின்ற வேலாயி தன் குடத்தை நகர்த்தி இடம் விட்டாள். லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரி, லூசியாவோடு ஒரே மலையில் கொழுந்து பறிப்பவள்.

“பொட்டி வந்து நிக்குது. நீ இங்க சப்பாத்துக் கழுவிக்கிட்டு இருக்க. சனம் என்னா பேசும்?”

“பேசுற சனம் நேத்தே பேசிருச்சு.”

“கிறுக்கச்சி,” என்ற வேலாயி, தலையிலிருந்து கொண்டையூசியை உருவி அவளிடம் நீட்டினாள்.

லூசியா அதை வாங்கி, இரும்புத் துண்டின் இடுக்கில் இறுகியிருந்த மண்ணைக் கிளறி எடுக்கத் தொடங்கினாள். தண்ணீர் சில்லென்று விழுந்துகொண்டிருந்தது. 

இது ஜெசீகாவின் இரண்டாவது சோடி. முதலாவது வெள்ளை. பதுளை பஸாரில் பழைய ஜப்பான் சைக்கிள்கள் விற்கும் அஸீஸிடம் ரேஸ் சைக்கிள் வாங்கியபோது அதோடு சேர்த்து எடுத்தது. அதன் அடியில் மூன்று திருகாணி போட்டு முறுக்கிய பெரிய பிளாஸ்டிக் துண்டு துருத்திக்கொண்டிருக்கும். அடிப்பாகம் பலகை மாதிரி, கொஞ்சமும் வளையாது. அதனால் காலின் பலம் முழுக்கச் சக்கரத்துக்குப் போகும் என்று ஜெசீகா சொன்னாள். ஆனால் தேயிலைத் தொழிற்சாலைக்கு மேலே தார் ரோடு இல்லை. கல்லும் மண்ணும்தான். இறங்கித் தள்ளிக்கொண்டுதான் வரவேண்டும். வெள்ளைச் சப்பாத்தோடு அவள் வாத்து மாதிரி நடந்தாள். வழுக்கி விழுந்தாள். கொஞ்ச நாளில் பிளாஸ்டிக் தேய்ந்து, பெடலில் பிடிக்காமலே போனது.

மறுபடியும் அஸீஸிடம் போனபோது லூசியாவும் கூடப் போனாள்.

“ரோட்டு சைக்கிளுக்கு ரோட்டுப் பெடல்தான் மகள்,” என்றார் அஸீஸ். “மலைச் சைக்கிள் பெடலையும் சப்பாத்தையும் இதுல போட்டா, ரேஸ் ஓடுறவனுகள் பாத்துச் சிரிப்பானுகள்.”

“அவனுங்க வீட்டு வாசல் வரைக்கும் தார் ரோடு இருக்கு அஸீஸ் நானா. எறங்கவே தேவையில்ல. நான் எறங்கி நடக்கணும். நடக்கிற சப்பாத்தா குடுங்க.”

 அஸீஸ் உள்ளே போய்த் தேடி இந்தக் கறுப்புச் சோடியைக் கொண்டுவந்தார். அடியில் தடித்த ரப்பர் பற்கள். இரண்டே ஆணியில் முறுக்கிய இரும்புத் துண்டு அவற்றின் நடுவே பள்ளத்தில் பதுங்கியிருந்தது. சேறு அடைத்தாலும் பெடல் பிடிக்கும் என்றார். ஆனால் ஓர் அளவு பெரிது. “பரவால்ல, குளிருக்குக் கால்ல தடிச்ச மேஸு போட்டுக்குவேன்,” என்று ஜெசீகா கையோடு வாங்கிவிட்டாள்.

அந்த வாரம் முழுக்க மாலையில் லயத்துச் சுவரோரம் லூசியா சீட்டைப் பிடித்துக்கொள்ள, மகள் காலை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தாள். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் போதும், கழன்றுவிடும். ஒருநாள், “நீயும் போட்டுப் பாரும்மா,” என்று லூசியாவின் வெடித்த காலைப் பிடித்துச் சப்பாத்துக்குள் நுழைத்துவிட்டாள். லூசியா மிதித்தாள். டக். குதிகாலைத் திருப்பினாள். டக். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் எட்வர்ட் வெளியே வந்து எட்டிப் பார்த்தார்.

புத்தாண்டு சைக்கிள் ஓட்டத்தில் அஸீஸ் சொன்னது போலவே சிரித்தார்கள். ஓட்டம் முடிந்தபோது சிரித்தவர்களில் பாதிப் பேர் ஜெசீகாவுக்குப் பின்னால் வந்தார்கள்.

லூசியா பீலியிலிருந்து ஈரச் சப்பாத்துகளோடு வீட்டுக் காம்பராவுக்குள் நுழைந்தாள். பெட்டி நடுவில் வைக்கப்பட்டிருந்தது. மகளுக்கு மணப்பெண் போல வெள்ளைக் கவுன் போட்டிருந்தார்கள். கைகளில் வெள்ளைக் கையுறை. கால்கள் மட்டும் வெறுமையாக இருந்தன. சப்பாத்தை வீட்டிலிருந்து தருவதாக றோய் மலர்ச்சாலையில் சொல்லியிருந்தான். இப்போது அவன் தன் மனைவியின் குதி உயர்ந்த வெள்ளைச் சப்பாத்தை மலர்ச்சாலைக்காரரிடம் நீட்டிக்கொண்டிருந்தான்.

“அது வேணாம்,” என்றாள் லூசியா. “இதப் போடுங்க.”

“சனத்துக்கு முன்னால அசிங்கப்படுத்தாதீங்க அண்ணி. வெள்ளக் கவுனுக்கு அந்தக் கருமத்தையா போடுறது?”

“ஒம் பொஞ்சாதி சப்பாத்த அவ என்னைக்காச்சும் இரவல் கேட்டாளா?”

“அதுல கால் பூட்டிக்கிட்டுத்தான் செத்தா! ஊரே சொல்லுது.”

லூசியா சப்பாத்துகளைப் பெட்டியின் ஓரத்தில், மகளின் கால்மாட்டில் வைத்தாள். வெள்ளைத் துணியில் தண்ணீர் மெல்லப் பரவியது.

“ஊரு அங்க இல்ல றோய். நீதான் இருந்த. அடுத்த வேன்ல நீதானே வந்த? நீதானே அவளத் தூக்குன?”

றோய் சப்பாத்தை நீட்டிய கையை இறக்கினான். அவன் ஓட்டுவதும் அந்தச் சாரதியுடைய முதலாளியின் வேன்தான். அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அடக்கம் முடிந்ததும் வந்து வாக்குமூலம் கொடுக்கும்படி பொலிஸ் அவனிடம் சொல்லியிருந்ததும் தெரியும்.

“அவ எங்க கெடந்தா?”

“ரோட்டோரத்துல.”

“சைக்கிளு?”

வாசலில் அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்தியிருந்தார்கள்.

“கீழ. தேயிலைக்குள்ள.”

“அப்ப கால் எதுல பூட்டியிருந்துச்சு?”

“விழுந்த வேகத்துல கழண்டிருக்கும் அண்ணி...”

“கழண்டுச்சுல்ல? அது கழர்ற சப்பாத்துதான். நானே போட்டுக் கழட்டியிருக்கேன். இப்பச் சொல்லு. எந்த வீலு மடிஞ்சிருந்துச்சு? முன் வீலா, பின் வீலா?”

றோய் தன் கையிலிருந்த வெள்ளைச் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.  மூலையில் நாற்காலியில் இருந்த எட்வர்ட் தலையைத் தூக்கித் தம்பியின் முகத்தைப் பார்த்தார்.

“பின் வீலு,” என்றான் றோய். பக்கத்தில் நின்றவர்களுக்கு மட்டும்தான் அது கேட்டிருக்கும்.

“சத்தமாச் சொல்லு.”

“பின் வீலு.”

“பொலிஸ்லயும் இதே வாயால சொல்லு. நீ சொல்லாட்டி நான் சொல்லுவேன். காலையில வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுல எல்லாரும் நிக்கையில சொல்லுவேன். கோயில்ல சொல்லுவேன். ஒன் மொதலாளி வீட்டு வாசல்ல நின்னு சொல்லுவேன். எம் மக தானா விழுந்து சாகல.”

றோய் வெளியே போனான். யாரும் வழி விடவில்லை. அவனாகவே விலக்கிக்கொண்டு போனான்.

மலர்ச்சாலைக்காரர் கறுப்புச் சப்பாத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கால் வெறைச்சிருக்கும்மா. பின்பக்கம் வெட்டித்தான் போடணும். எல்லாருக்கும் அப்படித்தான், வெளிய தெரியாது,” என்று சட்டைப் பையில் பிளேடைத் தேடினார்.

“வெட்டாதீங்க. அது ஒரு அளவு பெருசு.”

காலுறை போடவில்லை. எட்வர்ட் எழுந்து வந்து மகளின் கணுக்காலைப் பிடித்துக்கொண்டார். லூசியா சப்பாத்தை முன்னால் நுழைத்து, குதிகாலைத் தன் உள்ளங்கையால் அழுத்தினாள். கால் உள்ளே போனது. மற்றதும் போனது. பட்டிகளை இழுத்து ஒட்டினாள். பிறகு, ஏதோ சரிபார்ப்பது போல, வலது குதிகாலை வெளிப்பக்கமாகக் கொஞ்சம் திருப்பினாள். கையை அங்கேயே வைத்திருந்தாள்.

“மூடலாமா?” என்று மலர்ச்சாலைக்காரர் கேட்டார்.

“பாதிரியார் வரட்டும்,” என்றாள் லூசியா. “முகத்த மட்டும் தொறந்து வைக்காதீங்க. காலும் தெரியட்டும்.”

அப்படியே வைத்தார்கள். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு காலையும் பார்த்தார்கள்.

றோய் பொலிஸில் பின் வீல் என்றுதான் சொன்னான். அந்த வாரமே அவனுடைய வேலை போனது. இப்போது பண்டாரவளையில் மரக்கறி லொறி ஓட்டுகிறான். நத்தார் பண்டிகைக்கு வருவான், லூசியா சோறு போடுவாள், இருவரும் அதிகம் பேசுவதில்லை. சாரதியின் வழக்கு இன்னும் தவணை போய்க்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு தவணைக்கும் லூசியா வேலைக்குப் போகாமல் பதுளைக்கு இறங்குகிறாள். சைக்கிள் பொலிஸ் நிலைய முற்றத்தில் மழையில் கிடக்கிறது. எட்வர்ட் தோட்டத்தில் காவல் வேலைக்குத் திரும்பிவிட்டார். வேலாயி கொண்டையூசியைத் திருப்பிக் கேட்கவில்லை.

ஜெசீகாவின் முதல் சோடி, அந்த வெள்ளைச் சப்பாத்து, அலுமாரிக்கு மேலே இருக்கிறது. தூசி படியும்போது லூசியா இறக்கித் துடைத்து, திரும்ப அங்கேயே வைக்கிறாள். அதைப் போட்டுக்கொண்டு நடக்க முடியாது.