மாலாவின் புடவை சாய்ந்த திசை

ஆண்டர்சன்பேட்டையில் முந்நூறு பேரிடம் எச்சில் மாதிரி எடுத்த மறுநாள், உடம்பு ஒத்துப்போகிறவர்களின் துணிகள் கொடியில் ஒன்றையொன்று நோக்கிச் சாயத் தொடங்கின. காற்றே இல்லாத மதியங்களிலும் சாய்ந்தன. மாதிரி எடுத்தது மாலாவுக்காக. பெங்களூருக்கு ரயிலில் போய் வேலை பார்த்த அவளுக்கு ரத்தப் புற்று. பொருந்துகிறவரின் எலும்பு மஜ்ஜை கிடைத்தால்தான் பிழைப்பாள் என்றார்கள். எல்லாரும் வட ஆற்காட்டிலிருந்து தங்கச் சுரங்கத்துக்கு வந்த சனம், ஒருத்தருக்காவது பொருந்தாமலா போகும் என்று அண்ணன் மனோகர் ஆளைத் திரட்டினார். ஆனால் நோயை எதிர்க்கும் மரபணு உறவுமுறை பார்ப்பதில்லை. மனோகரின் வேட்டியே தங்கையின் புடவைக்கு முதுகைக் காட்டியது. சித்தப்பா மக்களின் துணிகள் ஆளுக்கொரு திசையில் போயின. மாலாவின் புடவை மட்டும் பக்கத்துச் சுரங்கக் குடியிருப்பான பாலகாட் பக்கம் பாலம்போல நீண்டு நின்றது.

அந்தத் திசையிலேயே நடந்த மனோகர், ஒரு வீட்டு வாசலில் நீலச் சட்டையொன்று எதிரே நீண்டு நிற்பதைக் கண்டார். சைலஸின் சட்டை. பதினேழு வருடங்களுக்கு முன், கல்யாணப் பத்திரிகை அடித்த பிறகு, மாலாவை வேண்டாம் என்றவன். மாதிரி எடுத்த முகாமில் கடைசி ஆளாக வந்து எச்சில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். மனோகர் கதவைத் தட்டாமல் திரும்பிவந்து சொன்னார்.

"செத்தாலும் சாவுறேன், அவனுது வேணாம்ணா" என்றாள் மாலா.

பதினோரு நாள் அப்படியே போனது. மாலா இளைத்துக்கொண்டே வந்தாள். பன்னிரண்டாம் நாள் கை நிறைய துணிக் கிளிப்புகளோடு ஒருத்தி வந்தாள்.

"அக்கா, நான் ஈவ்லின், சைலஸ் வூட்டுக்காரி. எத்தினி கிளிப்பு போட்டாலும் அவரு சட்டை உங்க வூட்டையே பாத்துக்கினு கீது. நீங்க சரின்னு சொன்னாதான் எனக்கு நிம்மதி."

"அவரு இன்னா சொல்றாரு?"

"தெருவுல நிக்கிறாரு. உள்ள வர பயம்."

மாலா பல மாதங்களுக்குப் பிறகு சிரித்தாள். "வரச் சொல்லு. மன்னிச்சிட்டேன்னு மட்டும் நெனச்சிக்க வேணாம்."

"நானே சிலதுக்கு இன்னும் மன்னிக்கலக்கா."

பரிசோதனை முடிவு வந்தபோது, முழுப் பொருத்தம் என்று பெங்களூர் டாக்டர் வியந்தார். ஊரில் யாரும் வியக்கவில்லை. ஆடியில் மஜ்ஜை ஏற்றினார்கள். தை பிறக்கும்போது மாலா தலையில் புது முடியோடு வீடு வந்தாள். அவளுடைய ரத்த வகையும் மாறிப்போயிருந்தது.

இப்போது சைலஸ் எங்கே இறால் தின்றாலும் மாலாவுக்கு உடம்பெல்லாம் தடிக்கிறது. போன ஞாயிறு ஈவ்லின் போன் செய்தாள். "அக்கா, ஒரு கல்யாணத்துல எறா துன்னுட்டாரு. மாத்திரை போட்டுக்குங்க."

"எத்தினி துன்னாரு?"

"நாலு."

மாலா அரை மாத்திரை போட்டுக்கொண்டு அரிசி களையப் போனாள்.