இறுக்கச் சொன்னவள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்த இரண்டு நாள் பயிற்சிக்கு நான் கற்றுக்கொள்ளப் போகவில்லை. பத்தொன்பது வருஷமாக இடுப்புத்தளத் தசைக்குப் பயிற்சி சொல்லிக்கொடுக்கிற பிசியோ நான். பிரசவ வார்டுக்குப் பக்கத்து அறையில் தினம் என் வகுப்பு நடக்கும். மூத்திரத்தை அடக்குகிற மாதிரி இறுக்கு, பத்து எண்ணு, விடு, மறுபடி இறுக்கு. இதை எத்தனை ஆயிரம் பெண்களுக்குச் சொல்லியிருப்பேனோ தெரியாது. அப்பேர்ப்பட்ட எனக்கு எவளோ ஒருத்தி வந்து பாடம் எடுப்பாளாம், நான் கை கட்டிக்கொண்டு கேட்க வேண்டுமாம். நிர்வாகம் பெயரைக் கொடுத்துத் தொலைத்துவிட்டது, போகாமல் இருக்க வழியில்லை.

போனதற்கு என் சொந்தக் காரணம் வேறு. என் தங்கச்சிக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை கர்ப்பப்பையை எடுக்க நாள் குறித்திருந்தார்கள். அவளுக்கு முப்பத்தாறு வயசு. இரண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் நாலு வருஷமாக அடிவயிற்றில் வலி. உட்கார்ந்தால் வலி, புருஷன் பக்கத்தில் வந்தால் வலி. எல்லா ஸ்கேனும் எடுத்தாயிற்று, ஒன்றிலும் ஒன்றும் இல்லை. கடைசியில் எங்கள் ஆஸ்பத்திரியில் மகப்பேறு பிரிவைப் பார்க்கிற பேராசிரியரம்மா எடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டார். எடுத்தால் வலி போய்விடுமா என்று தங்கச்சி தினம் போனில் கேட்பாள். போய்விடும் என்று நானும் தினம் சொல்வேன். அந்தப் பேராசிரியரம்மாவும் இந்தப் பயிற்சிக்கு வருகிறார் என்று தெரிந்தது. கூட இருந்து நாலு வார்த்தை நயமாகப் பேசினால் தங்கச்சியை இன்னும் கொஞ்சம் அக்கறையாகப் பார்ப்பார் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

அங்கே வந்திருந்த கூட்டத்தைப் பார்க்கணுமே. பதினாலு பேர், எல்லோரும் பெண்கள். பாதிப் பேர் டாக்டர்கள், மிச்சம் நர்சுகளும் பிசியோக்களும். தொடங்கி வைக்க ஒரு பெரிய மனுஷர் வந்தார். பெண்களின் கண்ணியம் பற்றி நாற்பது நிமிஷம் பேசினார், பெண் உடம்பில் ஒரு உறுப்பின் பெயர்கூட வாயில் வரவில்லை. போட்டோ எடுத்ததும் ஆளைக் காணோம். பேராசிரியரம்மா முன் வரிசையில் உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டே இருந்தார். சான்றிதழில் பெயருக்கு முன்னால் பட்டமெல்லாம் சரியாகப் போடுவார்களா என்பதைத் தவிர அவருக்கு வேறு கேள்வி இருந்ததாகத் தெரியவில்லை.

பயிற்சி கொடுக்க வந்தவளுக்கு நான் பார்த்த உடனே கண்ணாடிக்காரி என்று பெயர் வைத்துவிட்டேன். முப்பது வயசுக்கு மேல் இருந்தால் அதிகம். மூக்கில் நிற்காத பெரிய கண்ணாடி, கான்வாஸ் ஷூ, பேசினால் மூன்றாவது வரிசைக்குக் கேட்காது. என்னிடம் வேலை பழக வருகிற பிள்ளைகள்கூட இவளைவிடத் தெம்பாகப் பேசும். பிளாஸ்டிக் இடுப்பெலும்பு ஒன்றை மேஜையில் வைத்துவிட்டு, உறுப்புகளின் பெயரை ஆளுக்கு ஒன்றாக வாய்விட்டுச் சொல்லச் சொன்னாள். கேட்கணுமே கூத்தை. ஒரு டாக்டர் 'அந்த இடம்' என்றாள். இன்னொருத்தி 'கீழே' என்றாள். பேராசிரியரம்மாவுக்கு இருமல் வந்துவிட்டது. இவர்களெல்லாம் தினம் அதே இடத்தில் கத்தியும் ஊசியும் வைக்கிறவர்கள், தூ. நான் ஒவ்வொரு பெயரையும் அழுத்தம் திருத்தமாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த நர்ஸ் நான் சொன்னதை எழுதி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாள். அன்று முழுக்க அவள் எல்லாவற்றுக்கும் கோடு போட்டுக்கொண்டே இருந்தாள்.

மறுநாள்தான் வேடிக்கை. இந்தப் பயிற்சியில் ஒரு முறை உண்டு. உள்ளே விரல் வைத்துத் தசையைச் சோதிக்கக் கற்றுக்கொள்கிறவள், தானும் ஒரு முறை கட்டிலில் படுத்துச் சோதனைக்கு இடம் கொடுக்க வேண்டும். ஜோடி ஜோடியாக, திரைக்குப் பின்னால். இரண்டு வாரத்துக்கு முன்னாலேயே இதை எழுதி அனுப்பியிருக்கிறார்கள். பதினாலு பேரும் படிக்காமலே கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறோம். விருப்பம் இல்லாதவர்கள் ஒதுங்கி இருக்கலாம், யாரும் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று கண்ணாடிக்காரி அதே முனகல் குரலில் சொன்னாள்.

காரணம் கேட்காதபோதே எத்தனை காரணம் வந்தது தெரியுமா. ஒருத்திக்குத் தலைவலி. இரண்டு பேருக்கு ஒரே சமயத்தில் மாதவிலக்கு. ஒருத்தி அடிக்காத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு வெளியே ஓடினாள். பேராசிரியரம்மா தனக்கு வயசாகிவிட்டது என்றார். வயசானவர்கள்தான் நம்மிடம் அதிகம் வருகிறார்கள் என்று கண்ணாடிக்காரி சொன்னது அவர் காதில் விழவில்லை. வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் இவர்கள் பிரசவ அறையில் போடுகிற சத்தம் எனக்குத் தெரியும். காலை விரிம்மா, என்ன பெரிய வெட்கம், புள்ளை பெத்துக்கத் தெரிஞ்சுதில்ல என்று கதவைக்கூடச் சாத்தாமல் கத்துகிற வாய்கள் அத்தனையும். அந்தப் பெண்களில் ஒருத்தியாவது தலைவலி என்று சொல்லித் தப்பிக்க முடிந்ததா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் முதல் ஆளாக எழுந்தேன். இவர்கள் முகத்தில் கரி பூச வேண்டும் என்று ஒரு ஆசை. பத்தொன்பது வருஷம் பயிற்சி செய்த தசை எப்படி இருக்கும் என்று அந்தக் கண்ணாடிக்காரிக்குக் காட்ட வேண்டும் என்று இன்னொரு ஆசை. எனக்கு ஜோடி அந்த ஸ்கேல் நர்ஸ்.

படுத்தேன். நர்ஸ் ஆரம்பிக்கலாமா என்று மூன்று தடவை கேட்டாள். சீக்கிரம் ஆரம்பி, உன் அம்மா வயசு எனக்கு என்றேன். இறுக்கச் சொன்னாள். இருந்த பலத்தையெல்லாம் கூட்டி இறுக்கினேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி இறுக்கச் சொன்னாள். இறுக்கிக்கொண்டுதானே இருக்கிறேன், உனக்குச் சோதிக்கத் தெரியவில்லை என்று அவளை ஒரு பிடி பிடித்தேன். பாவம், கண் கலங்கிவிட்டாள்.

கண்ணாடிக்காரி என்னிடம் அனுமதி கேட்டு, கையுறை மாட்டிக்கொண்டு தானே சோதித்தாள்.

"இப்ப விடுங்க மேடம்."

"விட்டுட்டேன்."

"இல்ல மேடம். நீங்க இன்னும் விடல."

விட்டுவிட்டேன் என்று மறுபடி சொன்னேன். அவள் ஒரு பக்கமாக விரலை லேசாக வைத்தாள், அவ்வளவுதான். எனக்கு உயிர் போய் வந்தது. கத்தாமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டேன். அவள் உடனே கையை எடுத்துவிட்டு மெதுவாகக் கேட்க ஆரம்பித்தாள். உட்கார்ந்தால் அடியில் கண்ணாடித் துண்டு கிடக்கிற மாதிரி இருக்குமா? வீட்டுப் பூட்டில் சாவியைப் போடும்போதே மூத்திரம் முட்டிக்கொண்டு வருமா? போய் வந்த பிறகும் பாக்கி இருக்கிற மாதிரி இருக்குமா? ஒவ்வொன்றுக்கும் ஆமாம் என்றேன். இதையெல்லாம் வயசு என்று நினைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் அந்தக் கண்ணாடித் துண்டு என்கிற சொல், அது என்னுடையது இல்லை. நாலு வருஷமாக என் தங்கச்சி போனில் சொல்லிக்கொண்டிருக்கிற சொல் அது.

கண்ணாடிக்காரி நர்சுக்குப் பாடமாகச் சொன்னாள். மேடத்துக்குத் தசை பலவீனம் இல்லை, எப்போதும் மூடியே இருக்கிற கை மாதிரி இறுகிக் கிடக்கிறது, மூடின கையை இன்னும் மூடச் சொன்னால் என்ன ஆகும். இப்படி இருக்கிறவர்களுக்கு இறுக்குகிற பயிற்சி கொடுத்தால் வலி கூடும். முதலில் அதை நிறுத்த வேண்டும். அப்புறம் மூச்சு விட, தசையைத் தளர்த்த, பொறுமையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

"சோதிச்சுப் பாக்காம யாருக்கும் இறுக்கச் சொல்லாதீங்க" என்றாள். என்னைக் குத்திக் காட்டவில்லை, நர்சைப் பார்த்துத்தான் சொன்னாள். நர்ஸ் தலையை ஆட்டினாள்.

துணியைச் சரிசெய்துகொண்டு எழுந்தபோது எனக்கு முதலில் வந்தது கோபம்தான். நேற்று முளைத்தவள் எனக்குச் சொல்ல வந்துவிட்டாள் என்று. அந்தக் கோபம் கட்டிலிலிருந்து கதவு வரைக்கும்கூடத் தாங்கவில்லை. தங்கச்சிக்கும் இந்த இறுக்குகிற பயிற்சியைத்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். மாசம் தவறாமல் போன் செய்வாள், அக்கா வலி கூடுது என்பாள். நீ ஒழுங்காகச் செய்திருக்க மாட்டாய், சோம்பேறி, இரண்டு மடங்காகச் செய் என்பேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவளைப் படுக்க வைத்துச் சோதித்தேனா? கூடப்பிறந்தவளை எப்படி என்று கூச்சம். கூச்சம் என்ன கூச்சம், பொய் எதற்கு. அந்தப் பத்தொன்பது வருஷத்தில் நான் யாரையுமே சோதித்ததில்லை. சுவரில் ஒரு படமும் என் வாயும் இருந்தது, அதை வைத்துக்கொண்டே காலத்தை ஓட்டிவிட்டேன். 'கீழே' என்று சொன்ன அந்த டாக்டரைப் பார்த்துத் தூ என்றேனே. பெயரை மட்டும் அழகாகச் சொல்லத் தெரிந்தவள் நான்.

பேராசிரியரம்மா நடையில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். தங்கச்சி பெயரைச் சொல்லி, அவள் தசையைச் சோதித்தீர்களா என்று கேட்டேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துதான் இருந்தது. தசையெல்லாம் உங்கள் ஆட்கள் பார்க்கிற வேலை என்றார். பார்க்காமலே எடுத்துவிடுவீர்களா என்றேன். அவர் பிஸ்கெட்டை மென்று முழுங்கிவிட்டு, கோபமே இல்லாமல் என்னைப் பார்த்தார்.

"மூணு வருஷத்துக்கு மேல முறையா பயிற்சி கொடுத்தும் பலன் இல்லன்னு நீதானேம்மா எழுதிக் கொடுத்த? அதுக்கப்புறம்தான் நான் ஆபரேஷனே சொன்னேன்."

நான்தான் எழுதிக் கொடுத்தேன். முத்திரையும் குத்திக் கொடுத்தேன். வேண்டாமென்றால் வார்டில் சொல்லிவிடு, அந்த நாளுக்கு வேறு ஆள் காத்திருக்கிறது என்று சொல்லிவிட்டு அவர் கைகழுவப் போனார். அவரை வாய்க்கு வந்தபடி திட்ட ஆசைதான். என்னவென்று திட்டுவது?

கண்ணாடிக்காரியிடம் போய் நின்றேன். இரண்டு நாளாக அவளை எப்படியெல்லாம் பேசினேன் என்று அவளுக்குத் தெரியாமல் இருந்திருக்காது, சாப்பாட்டு மேஜையில் எல்லோரும் கேட்கத்தான் பேசினேன். தங்கச்சி விஷயத்தைச் சொன்னேன். நாளைக்குக் காலை எட்டு மணிக்குத் தன் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னாள்.

சாயங்காலம் தங்கச்சி வீட்டுக்குப் போனேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள், நின்றபடியே. அவள் உட்கார்ந்து வேலை செய்து நான் பார்த்தே ரொம்ப நாளாகிறது. மாப்பிள்ளை பக்கத்து அறையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் அவர் படுக்கையும் அந்த அறையில்தான்.

நாளைக்கு ஒருத்தரிடம் காட்டுவோம், ஆபரேஷனே தேவைப்படாமல் போகலாம் என்றேன். ஏன், திடீரென்று என்ன ஆயிற்று என்றாள். வழியெல்லாம் ஒரு பதில் தயார் செய்து வைத்திருந்தேன். அதில் எல்லாப் பழியும் பேராசிரியரம்மா தலையில் விழும்படி இருந்தது. வாய் வரைக்கும் வந்துவிட்டது. பையில் அவள் அடுக்கி வைத்திருந்த துணியைப் பார்த்தேன். நான் சொல்லிக்கொடுத்ததுதான் தப்பு, அதனால்தான் வலி கூடியிருக்கும் என்று சொன்னேன்.

அவள் கையில் இருந்த துண்டை மடிக்காமல் நின்றாள்.

"ஒழுங்கா செய்யலன்னு திட்டினியே."

"நீ ஒழுங்காத்தான் செஞ்சே."

அவள் அழவில்லை. எப்படியெல்லாம் செய்தாள் என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டு போனாள். பஸ்ஸில் நிற்கும்போது, பாத்திரம் கழுவும்போது, புருஷன் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்ட பிறகு. நான் திட்டின நாளெல்லாம் இரண்டு மடங்கு.

மறுநாள் எட்டு மணிக்குப் போனோம். பயிற்சிக்கு வந்தவள் என்கிற முறையில், தங்கச்சிக்குச் சம்மதம் என்றால் நானும் உள்ளே வந்து கற்றுக்கொள்ளலாம் என்றாள் கண்ணாடிக்காரி. நான் தங்கச்சியின் பையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போகக் கிளம்பியும்விட்டேன்.

"அக்கா வெளியவே இருக்கட்டும்" என்றாள் தங்கச்சி.

கதவு சாத்திக்கொண்டது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது, வார்த்தை புரியவில்லை. ஒரு தடவை தங்கச்சி அழுகிற மாதிரி இருந்தது. வெளியே வந்தபோது அவள் முகம் வீங்கியிருந்தது. ஆபரேஷன் இப்போது வேண்டாமாம், பேராசிரியரம்மாவுக்குக் கண்ணாடிக்காரியே கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறாளாம், வாரம் ஒரு முறை வர வேண்டுமாம், ஆறு மாசம் ஆனாலும் ஆகுமாம். எனக்கு நெஞ்சு லேசாயிற்று. வாராவாரம் நானே லீவு போட்டுக் கூட்டிக்கொண்டு வருகிறேன், வீட்டில் செய்ய வேண்டியதையும் பக்கத்தில் இருந்து சொல்லித் தருகிறேன் என்று படபடவென்று பேசிக்கொண்டே போனேன்.

நான் மறுபடி எடுத்து வைத்திருந்த பையை அவள் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"வேண்டாம்க்கா. நானே வந்துக்கறேன். உன் குரலைக் கேட்டாலே உடம்பு இறுகுது."

சொல்லிவிட்டு மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிப் போனாள்.