வெருளிக்குப் பட்ட கண்

அஜக்ஸ் நகரில் புதுவீடு வாங்கியதிலிருந்து புஸ்பராணிக்கு ஊர்க்கண்ணை நினைத்துத்தான் பயம். கண்ணூறு படாமல் வாசலில் வெருளிப் பொம்மை கட்டியே தீரவேண்டும் என்று நின்றாள். பிள்ளைகளோ அதை ஹலோவீன் சோடனை என்றே நினைத்தார்கள். தகப்பன் குணசீலனின் ஃபக்டரிக் காற்சட்டைக்குள் சருகை அடைத்து, தலையணை உறையில் பல்லுக் கீறித் தலையாக வைத்தார்கள்.

"அப்பா மாதிரியே இருக்கு," என்றாள் மகள் தனுஷிகா.

"என்னைவிட நல்லாச் சாப்பிட்ட ஆள் உது," என்றான் குணசீலன்.

மறுநாள் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி வந்து, இந்த றோட்டிலேயே இதுதான் வடிவு என்று கைதட்டினாள். புஸ்பராணியின் முகம் செத்துப்போயிற்று.

"கண் வெருளியிலைதானே பட்டது? வீடு தப்பிச்சுதெல்லோ!" என்று சிரித்தான் குணசீலன்.

"விசர்க்கதை கதையாதேங்கோ. உங்கட வேலைக் காற்சட்டையெல்லோ அது! வேலை போச்செண்டால் வீட்டு மோட்கேஜ் காசு ஆர் கட்டுறது?"

செத்தல் மிளகாயும் உப்பும் அள்ளிவந்து வெருளியை மூன்றுதரம் சுற்றினாள். குணசீலனும் ஆசையோடு பக்கத்தில் போய் நின்றான்.

"நீங்கள் ஏன் குறுக்கை நிக்கிறியள்? காற்சட்டைக்குச் சுத்தினால் காணும். வெளிக்கிடுங்கோ, ஃபக்டரி ஷிவ்ற்றுக்குப் பிந்தப்போகுது."