ஹெலன் வட்டம் போட்ட இடம்

1

இந்தக் கதை கம்பெனி பஸ்ஸில் தொடங்கியது. ஆம்பூர் பைபாஸில் பஸ் நின்றபோது பக்கத்து சீட்டு நசீமுன்னிசா கேட்டாள்: "பூவு, உன் பொண்ணு நீட்டை மறுபடி எழுதுதா, இல்ல நர்சிங் சேருதா?"

எழுதினால் பதில் வருமோ என்று நோட்டை எடுத்தேன். நாற்பத்தோரு வயதில் எழுத்துக் கற்றவள் நான். நாள் முழுக்க நின்ற கால் சாயங்காலம் வீங்கிக் கிடக்கும், கையும் மெதுவாகத்தான் போகும். மெதுவாகப் போகிற கையில் பொய் கம்மியாக வரும் என்று ஒரு நம்பிக்கை.

2

முதல் தொடக்கம்: மார்க் வந்த அன்று ஹெலன் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அவள் கண்ணீர்—

(இங்கேயே விட்டுவிட்டேன். தோளுக்கு மேலே எட்டிப் படித்த ஹெலன், "நான் எங்கம்மா அழுதேன்? தோசை தின்னேன்" என்றாள். உண்மைதான். மூணு தோசை.)

ரெண்டாவது தொடக்கம்: ஹெலன் எங்கள் வீட்டில் பன்னிரண்டாவது முடித்த முதல் ஆள். நீட்டில் நானூற்றுப் பதினொன்று. டாக்டர் சீட்டுக்குப் பத்தவில்லை. வேலூரில் நர்சிங் சீட்டு கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை நாலு மணிக்குள் போய்ச் சேர வேண்டும், இல்லையென்றால் அது போச்சு. அதை விட்டால், ஒரு வருஷம் படித்து நீட்டை மறுபடி எழுதலாம். இன்று சனிக்கிழமை.

இந்தத் தொடக்கம் இருக்கட்டும்.

3

இந்தக் கதையில் ஒருத்தி மேல் மட்டும் எனக்கு நம்பிக்கை இல்லை. அம்மா. அதாவது, கதைக்குள் இருக்கிற நான். வாயால் "உன் இஷ்டம்டி" என்கிறாள். மனசுக்குள் டாக்டர் கோட்டுக்கு அளவு எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

அவளுக்கு அந்தத் தெம்பு எங்கிருந்து வந்தது என்றால், அவளும் பரீட்சையை ரெண்டு வாட்டி எழுதியவள்.*

(* கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. தைத்து வரும் ஷூ மேல்தோலில் தப்பு இருந்தால் சில்வர் பேனாவால் வட்டம் போட வேண்டும். பத்தொன்பது வருஷம். முதியோர் எழுத்தறிவுப் பரீட்சையில், ரெண்டு ரெண்டு விடை கொடுத்து, சரியானதற்கு வட்டம் போடச் சொல்லியிருந்தார்கள். படித்தேன், புரிந்தது. கை கேட்கவில்லை. தப்பான விடைக்கெல்லாம் தேடித் தேடி வட்டம் போட்டுவிட்டு, ஒண்ணுகூடத் தப்பவில்லை என்று தலை நிமிர்ந்து வந்தேன். பூஜ்யம். "பரீட்சையையே ரிஜெக்ட் பண்ணிட்டு வந்துட்டியேடி!" என்று நசீமுன்னிசா பஸ் முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். அடுத்த வாட்டி எழுதிப் பாஸானேன். சர்ட்டிபிகேட் சுவரில் இருக்கிறது, காலண்டருக்கு மேலே.)

4

அதைச் சொல்லித்தான் ஹெலனைப் பிடித்தேன்.

"நான் மறுபடி எழுதல? நீயும் எழுது."

"உனக்கு விடை தெரியும்மா, கைதான் மாத்திப் போட்டுச்சு. எனக்கு பிசிக்ஸே தெரியல. ரெண்டும் ஒண்ணா?"

"ஒரு வருஷம் படிச்சா தெரியும்."

"தெரியலாம். அதைத்தான் யோசிக்கிறேன். நீ இன்னாத்துக்கு எனக்கும் சேர்த்து யோசிக்கிற?"

இந்த இடத்தில் அம்மாவுக்குக் கோபம் வர வேண்டும் என்று எழுதியிருந்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன். வந்தது பெருமைதான். என் அம்மாவிடம் நான் ஒரு வாட்டி இப்படிப் பேசியிருந்தால்—

(வேண்டாம். அது வேற கதை.)

5

முடிவுகளை எழுதினேன்.

அ: ஹெலன் நர்சிங் சீட்டை விட்டாள். மறுபடி எழுதினாள். டாக்டர் ஆனாள். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆ: ஹெலன் வேலூர் போய் நர்சிங் சேர்ந்தாள்.

நோட்டையும் சில்வர் பேனாவையும் அவளிடம் நீட்டினேன். "எங்க செக்கிங் லைன் முறைப்படி பாரு. தப்பு இருந்தா வட்டம் போடு."

படித்தாள். 'ஆ'வுக்குக் கீழே, ஒன்றும் எழுதாத இடத்தில், பெரிசாக ஒரு வட்டம் போட்டாள்.

"அங்க ஒண்ணும் இல்லியேடி?"

"அதான் தப்பு. தையல் விட்டுப்போன இடத்துலயும் வட்டம் போடுவீங்கல்ல?"

போடுவோம். ஊசி ஒரு குத்து தாண்டியிருந்தாலும் பிடிக்கிற கண் இது. சொந்த நோட்டில் கோட்டை விட்டிருக்கிறது.

அந்த வட்டத்துக்குள் எழுதினேன்: அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. எழுத்து அடங்காமல் கோட்டைத் தாண்டிப் போனது. அப்புறம், எழுதப் பயந்து விட்டிருந்ததையும் எழுதினேன்.

இ: மறுபடி எழுதினாள். கிடைக்கவில்லை. அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

6

இன்று திங்கள். சாப்பாட்டு பெல் அடித்துவிட்டது, கேன்டீனில் உட்கார்ந்து எழுதுகிறேன். போன் லாக்கரில். ஹெலன் வேலூர் பஸ் ஏறினாளா, வீட்டில் பிசிக்ஸ் புத்தகத்தைத் திறந்தாளா, தெரியாது. காலையில் கேட்காமலேதான் வந்தேன். கேட்காமல் வருவதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மூணு முடிவு இருக்கிறது. எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். மூணிலும் கடைசி வரியில் மட்டும் கை வைக்காதீர்கள். அது செக்கிங் முடிந்த சரக்கு.